இலைமேல் நான்கு முட்டை

அத்தியாயம் 9: அப்பன் எங்கே?

"அம்மாக்காரி போயிட்டா, சரி. அப்பன் எங்க போனான்?"

காலை டீயை மேசைமேல் வைத்தபடி சின்னவளின் கணவர் அவளிடம் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டு அவர்பாட்டுக்கு மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார். சின்னவள்தான் எடுத்த டீயை அப்படியே கீழே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். நகரத்து ஈரநிலப் பூங்கா. அதன் அல்லிக் குளத்தில் ஓர் இலைமேல் நீளவால் இலைக்கோழியின் கூடு, அதில் நான்கு முட்டைகள். சின்னவள் முக்கால் மணி நேரம் பைனாகுலரை இறக்காமல் பார்த்தாள். பெட்டை, மறுகரையில் வேறொரு சேவலோடு ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. முட்டைகள் வெயிலில் கேட்பாரற்றுக் கிடந்தன. மனசு கேட்காமல் அலுவலகத்துக்குப் போய், பறவைக் கணக்கு எழுதும் தன்னார்வலர்களுக்கான பச்சை நோட்டில் எழுதினாள்: 'தாய் போய்விட்டது. கூடு கைவிடப்பட்டது.' கீழே கையெழுத்தும் போட்டாள்.

பூங்காவின் மேலாளர் அவளுடைய சொந்த அண்ணன். அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவர் வாயில் ஈ போவது தெரியாமல் காத்திருந்தார். கூடு இருக்கிறவரை குளத்தில் பாசி அள்ளும் மிஷினை இறக்க முடியாது. இறக்காவிட்டால் பாசி போகாது. பாசி போகாவிட்டால் வெள்ளிக்கிழமை படகு விட முடியாது. படகைத் தொடங்கி வைக்க நகராட்சித் தலைவி வருகிறார். இன்றைக்குப் புதன். பத்து மணிக்கு மிஷின்.

"ஏங்க, இங்க வாங்க" என்று குரல் கொடுத்தாள் சின்னவள்.

"பெட்டி சூடா இருக்கு. அங்கிருந்தே சொல்லு."

"அந்த இனத்துல முட்டை போட்டதும் பெட்டை போயிடும். அடை காக்கறது சேவல்தான். புத்தகத்துல படிச்சிருக்கேன். வெயில் ஏறினா அதுவும் கொஞ்ச நேரம் இரை தேடப் போகும். அதையும் படிச்சிருக்கேன்."

"படிச்சுமா எழுதின?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. அதனால்தான் ஆழமாகக் குத்தியது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், மூன்று மாதக் குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போனவள் அவள். அவர் வீட்டிலிருந்தே கட்டிட வரைபடம் போடுகிறவர். ஒரு கையில் பென்சில், ஒரு கையில் பால் புட்டி. தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் கேட்டாள், "அம்மா எங்க?" பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், "அம்மா வரலையா?" அண்ணி ஒருபடி மேலே போய் அவருக்கு 'வீட்டம்மா' என்று பெயரே வைத்துவிட்டாள். அந்தக் கேள்விக்காக எத்தனை பேரிடம் சின்னவள் எரிந்து விழுந்திருக்கிறாள்! கடைசியில் ஒரு கூட்டைப் பார்த்ததும் அவளும் அதையேதானே கேட்டாள்?

"மத்தியானம்தான் எனக்கு ஷிப்ட். பூங்காவுக்குப் போறேன்."

"மிஷினை எப்படி நிறுத்துவ?"

"தெரியல. போய்த்தான் பாக்கணும்."

"தொப்பியை எடுத்துக்கோ" என்றார் அவர்.

*

பூங்கா வாசலில் டிக்கெட் கவுன்டர். அதற்குள்ளே அண்ணி. அண்ணன் மேலாளர், அண்ணி டிக்கெட். குடும்பமே பூங்காவைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறது.

"என்ன நாத்தனாரே, இன்னிக்குப் புதன்கிழமை. ஞாயித்துக்கிழமைப் பைத்தியம் இப்ப நடுவாரத்துலயும் வர ஆரம்பிச்சிடுச்சா?"

"வந்துடுச்சு அண்ணி."

"வீட்டம்மா சௌக்கியமா?"

வேறு நாளாக இருந்தால் சின்னவள் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்றைக்குச் சொன்னாள், "அவர் கேட்ட கேள்விக்குத்தான் அண்ணி பதில் தேடி வந்திருக்கேன்."

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. சண்டைக்கு வராத நாத்தனாரைச் சமாளித்து அவளுக்குப் பழக்கமில்லை. கவுன்டர் ஜன்னலுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி, சின்னவள் வேகமாக நடந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளக்கரையில் பறவை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய மூங்கில் தட்டி. நடுவில் கண்ணளவுக்கு ஒரு சதுர ஓட்டை. பக்கத்தில் குளத்துப் பறவைகளின் சேவல், பெட்டை பற்றிய படக் குறிப்புப் பலகை. சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பைனாகுலரை வைத்தாள்.

இருந்தது.

பெட்டையைவிடச் சிறிய உடம்பு. கறுத்த வயிறு, பிடரியில் பொன்னைக் கரைத்து ஊற்றியது போல ஒரு மஞ்சள். வெள்ளை இறக்கைகளை மடித்து முட்டைகளுக்கு அடியில் செருகி, தண்ணீருக்கும் முட்டைக்கும் நடுவில் தன்னையே பாயாகப் போட்டு உட்கார்ந்திருந்தது சேவல். இலையின் ஓரம் ஈரத்தில் தாழ்ந்திருந்தது. நேற்று மிஷினைக் கரையோரம் வெள்ளோட்டம் விட்டிருந்தார்கள். அந்த அலை அடித்த ஈரம்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு அது எழுந்து உடம்பை உதறியது. சின்னவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மெருகு போட்ட மரக்கொட்டை மாதிரி நான்கு பழுப்பு முட்டைகள். அது மறுபடி உட்கார்ந்தது.

"மன்னிச்சுக்கோப்பா" என்றாள் ஓட்டை வழியே. "உன்னை ஆளாவே நினைக்காமப் போயிட்டேன்."

*

"முடியாது" என்றார் அண்ணன். அவர் முன்னால் வரவேற்பு வளைவுக்கான படம் விரிந்து கிடந்தது.

"அண்ணா, நான் சொல்றதை முழுசாக் கேளுங்க."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? நீயே எழுதின. நீயே கையெழுத்துப் போட்ட. இப்ப நீயே இல்லேங்கற. இது நோட்டா, உன் வீட்டு மளிகைச் சீட்டா?"

"தப்பா எழுதிட்டேன். எங்க கூடத்துல தப்பு ரிப்போர்ட் போயிட்டா, ராத்திரியானாலும் போன் பண்ணித் திரும்ப வாங்குவோம். 'எழுதியாச்சு, அதனால உங்களுக்கு இந்த வியாதிதான்'னு நோயாளிகிட்டச் சொல்ல மாட்டோம்."

அண்ணன் பேனா மூடியைத் திறந்து மூடினார். சிறு வயதிலிருந்து அவருக்கு அந்தப் பழக்கம். பேச்சில் தோற்கப் போகிறார் என்றால் கைக்கு ஏதாவது வேலை கொடுப்பார்.

"பதினோரு வருஷமா நான் இங்க தற்காலிக மேலாளர். அது தெரியுமா உனக்கு? நாற்காலி நிரந்தரம், மேசை நிரந்தரம், அந்தக் கரப்பான்பூச்சிகூட நிரந்தரம். நான்தான் தற்காலிகம். வெள்ளிக்கிழமை நல்லபடியா முடிஞ்சா இவரை நிரந்தரம் பண்ணிடலாம்னு நகராட்சித் தலைவியம்மாவே வாய்விட்டுச் சொல்லியிருக்காங்க. ஒரு கோழிக்காக என்னை ரோட்ல நிறுத்துவியா?"

அவர் முகத்தைப் பார்க்கச் சின்னவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் என்பதற்காகப் பொய் மெய்யாகிவிடுமா?

"இருபது நாள் தள்ளி வைங்கண்ணா. பொரிச்சதும் குஞ்சுங்க தானே நடந்து போயிடும்."

"உன் சட்டப்படியே வர்றேன்." அண்ணன் பச்சை நோட்டின் முதல் பக்கத்தை விரலால் தட்டினார். "கூடு இருக்குன்னு சொல்ல ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் பாக்காம எழுதணும். ஒரே வீட்டு ஆளா இருக்கக் கூடாது. யார் கொண்டுவந்தது இதை?"

"நான்தான்."

அவள்தான். ரத்த அணுக்களை எண்ணும்போது முதல் ஆள் சொன்ன எண்ணிக்கை இரண்டாம் ஆளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் அந்த எண்ணையே தேடும். அந்த விதியையே இங்கேயும் வைத்தாள். 'இரண்டாம் கண்' என்று அவளே பெயரும் வைத்தாள்.

"உன் ரெண்டாம் கண் எங்க?"

"எப்பவும் ரெண்டாவதா எழுதற போஸ்ட் மாஸ்டர் சாருக்குக் கண் ஆபரேஷன். பத்து நாளாகும்."

"மத்தவங்க?"

"எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க. ஞாயித்துக்கிழமைதான் வருவாங்க."

"மாப்பிள்ளையைக் கூப்பிடேன். ஓ, அவர் உன் வீட்டு ஆள். செல்லாது." அண்ணன் சிரித்தார். "வீட்டுக்குப் போம்மா. வெயில் ஏறுது."

சின்னவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமை எழுதிய வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழே, முன்னதைவிடப் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'மேலே நான் எழுதியது தவறு. தாயைத் தேடினேன், தந்தையைப் பார்க்கவில்லை. கூடு உயிரோடு இருக்கிறது.' கையெழுத்து, தேதி, நேரம்.

"இதை மேலிடத்துல பாத்தா உன் பேரையே தன்னார்வலர் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க. அப்புறம் நீ டிக்கெட் வாங்கித்தான் உள்ள வரணும்."

"வாங்கிட்டு வர்றேன். அண்ணிதானே கவுன்டர்ல?"

*

பாசி அள்ளும் மிஷின் கரையோரம் நின்றிருந்தது. முன்பக்கம் தண்ணீருக்குள் நாக்கு நீட்டியது போல ஒரு பெல்ட். பாசி, அல்லி, இலை, வேர் எல்லாவற்றையும் அந்த நாக்கு வாரிக்கொண்டு போய்ப் பின்னால் உள்ள தொட்டியில் கொட்டும். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டிரைவர் சாவியோடு வந்தான். வந்தவன் அப்படியே நின்றான்.

பெல்ட்டின் நடுவில், தொப்பியும் கைப்பையுமாக, சின்னவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஊசியக்கா! என்னக்கா இது?" ரத்தம் எடுக்கிறவள் என்பதால் பூங்கா ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர். "இறங்குங்க. மிஷின் ஓடினா பாசியோட பாசியா உங்களையும் கொட்டிடும்."

"கொட்டு. தனியாக் கொட்டு, என்மேல பாசி படாம."

"விளையாடாதீங்கக்கா."

"நானா விளையாடறேன்? நாப்பத்தஞ்சு வயசுல சறுக்குமரம் ஏறணும்னு எனக்கு என்ன வேண்டுதலா?"

டிரைவர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அண்ணனுக்குப் போன் அடித்தான். அண்ணன் ஓடி வந்தார். பின்னாலேயே தோட்டக்காரர்கள் நாலு பேர், நடைப்பயிற்சிக்கு வந்த ஏழெட்டுப் பேர்.

"இறங்கு."

"மாட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கறதுக்குத்தானே பூங்கா."

"காவலாளியைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. உங்க தங்கச்சியை இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க. எந்தக் கையைப் பிடிச்சு இழுக்கணும்னும் நீங்களே சொல்லிக் குடுத்துடுங்க."

அண்ணனின் கை பேனா மூடியைத் தேடியது. பேனா அலுவலகத்தில் இருந்தது. சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"இன்னும் எத்தனை நேரம் உக்காருவ? மத்தியானம் உனக்கு ஷிப்ட். போய்த்தானே ஆகணும்? நீ போனதும் ஓட்டறேன். ரெண்டாவது கையெழுத்து இல்லாம நீ உக்கார்றது வெறும் உக்கார்றதுதான்."

அது உண்மை. அவளுக்கும் அது தெரியும்.

"என்னங்க இங்க கூட்டம்?"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அண்ணி வந்தாள். கையில் சாவிக்கொத்து. கவுன்டரைப் பூட்டி, 'ஐந்து நிமிஷத்தில் வருவேன்' பலகையை மாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

"நீ எதுக்கு வந்த? கவுன்டருக்குப் போ."

"என்னன்னு கேக்கறேன்."

"உனக்குப் புரியாது. உன் வேலை டிக்கெட் கிழிக்கறது. போய்க் கிழி."

தோட்டக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணியின் முகம் சிவக்கவில்லை, சுருங்கவில்லை. நெற்றியில் விழுந்த முடியை மட்டும் ஒதுக்கிக்கொண்டாள். சின்னவள் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, அந்த ரெண்டாம் கண் யாராயிருக்கணும்?"

"பட்டியல்ல இருக்கறவங்க, இல்லேன்னா பூங்கா ஊழியர் யாரும். என் வீட்டு ஆளா இருக்கக் கூடாது."

"நான் பூங்கா ஊழியர். உன் வீடு வேற, என் வீடு வேற. குடு அந்தப் பைனாகுலரை."

அண்ணன் குறுக்கே வந்தார். "உனக்கு என்ன தெரியும் பறவையைப் பத்தி? காக்காவையும் குயிலையும் பிரிச்சுச் சொல்லுவியா நீ?"

"இருபத்தி மூணு வருஷமா உங்களைப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு பறவையைப் பாக்கத் தெரியாதா?"

இந்தத் தடவை தோட்டக்காரர்கள் நால்வருமே சிரித்தார்கள்.

சின்னவள் பெல்ட்டிலிருந்தபடியே பைனாகுலரைக் கழற்றி நீட்டினாள். எங்கே பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அது இரண்டாம் கண் ஆகாது. முதல் கண்ணின் எதிரொலி ஆகிவிடும். தன் சீட்டை மட்டும் எழுதி நாலாக மடித்து டிரைவரிடம் கொடுத்தாள்.

அண்ணி மூங்கில் தட்டிக்குப் பின்னால் போனாள்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. கவுன்டரில் யாரோ மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள். "அவளுக்கு ஒண்ணும் தெரியலைய்யா" என்றார் அண்ணன். அந்தப் பயம் சின்னவளுக்கும் இருந்தது. கூடு எந்த இலையில் என்றே அண்ணிக்குத் தெரியாதே! தெரிந்தாலும் எழுதுவாளா? எழுதிவிட்டு இதே மனிதரோடு சாயங்காலம் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போக வேண்டுமே!

பதினாறு நிமிஷம் கழித்து அண்ணி வெளியே வந்தாள். கண்ணோரம் பைனாகுலர் அழுத்திய வட்டம். டிக்கெட் புத்தகத்தின் பின்னட்டையைக் கிழித்து எழுதி மடித்து டிரைவர் கையில் வைத்தாள்.

"படி" என்றாள்.

டிரைவர் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் குளத்தைப் பார்த்தார். டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் சீட்டைப் பிரித்தான்.

"இது ஊசியக்காவோடது. 'காலை ஏழு ஐம்பத்திரண்டு. சேவல் அடையில். முட்டை நான்கு.'" அடுத்ததைப் பிரித்தான். "இது டிக்கெட் அக்காவோடது. 'முட்டை மூணு. அப்பா...'"

"பாத்தியா!" என்று துள்ளினார் அண்ணன். "அவ நாலுங்கறா, இவ மூணுங்கறா! ரெண்டும் ஒத்துப்போகல. செல்லாது. மிஷினை எடு!"

"சார், இன்னும் எழுதியிருக்காங்க. 'முட்டை மூணு பழைய இலையில. ஒண்ணு அடுத்த இலையில. பழைய இலை தண்ணில இறங்குது. அப்பா ஒவ்வொண்ணா வாயாலயும் நெஞ்சாலயும் அணைச்சுப் பின்னாடியே நடந்து இழுத்துட்டுப் போறார்.'"

'போறார்' என்ற அந்த மரியாதைதான் எல்லார் வாயையும் அடைத்தது.

"மூணும் ஒண்ணும் நாலு சார்" என்றான் டிரைவர், மெல்ல.

நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் தட்டி ஓட்டையை நோக்கி நடந்தார். இன்னொருவர் பின்னால் போனார். "அட, ஆமாய்யா! பின்னாடியே நடக்குது பாரு!" என்று ஒரு குரல். அப்புறம் வரிசையே நின்றுவிட்டது.

அண்ணன் மனைவியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். சின்னவளுக்கு அது காதில் விழுந்தது.

"என் வாழ்க்கைடி இது."

"தெரியும்" என்றாள் அண்ணி. "பசங்க ரெண்டு பேருக்கும் எத்தனை தடவை ஜுரம் வந்திருக்கும்? ஒரு தடவை நீங்க தெர்மாமீட்டரைப் பிடிச்சிருப்பீங்களா? கேட்டா, ஆம்பளைக்கு அதெல்லாம் வராதுன்னு சொல்வீங்க. நானும் நம்பிட்டேன். நம்பிட்டு, செய்யற ஒரு மனுஷனைக் கேலி பண்ணிட்டுத் திரிஞ்சேன். அங்க பாருங்க. கையே இல்லாத ஒண்ணு செய்யுது."

"வீட்டுக்கு வா. பேசிக்கலாம்."

"பேசறதுக்கு வீடு எதுக்கு? இங்கயே பேசிட்டேனே."

சின்னவள் பெல்ட்டிலிருந்து இறங்கினாள். கால் மரத்துப்போயிருந்தது. டிரைவர் கை கொடுத்தான். இரண்டு சீட்டையும் அவனே கொண்டுபோய்ப் பச்சை நோட்டில் ஒட்டிவைத்தான். மிஷின் சாவி அன்றைக்கு அவன் பையிலிருந்து வெளியே வரவேயில்லை.

*

மாலை ஏழு மணிக்குச் சின்னவள் வீடு திரும்பியபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. உடையைக்கூட மாற்றவில்லை, அழைப்பு மணி அடித்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவர் ஈரக் கையோடு போய்க் கதவைத் திறந்தார்.

அண்ணி. தோளில் ஒரு பெரிய துணிப்பை.

"வாங்கக்கா."

அவள் வாசலைத் தாண்டவில்லை. "தம்பி, வீட்டம்மானு உங்களுக்குப் பேர் வெச்சது நான்தான்."

"தெரியும். பதினாலு வருஷமாத் தெரியும்." அவர் கதவை அகலத் திறந்தார். "செருப்பை உள்ள விடுங்க, நனையுது."

அண்ணி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். கணவர் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கித் தலை துடைக்காமல் கண் துடைத்துக்கொண்டாள். "எத்தனை நாளுன்னு கேக்காதீங்க" என்றாள்.

"கேக்கலையே" என்றார் அவர்.

அப்போது சின்னவளின் போன் அடித்தது. அண்ணன். அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"பச்சை நோட்டு எங்க?"

"எந்த..."

"நடிக்காத. மேசையில இருந்துச்சு, காணோம். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குத் தலைவியம்மாவே குளத்தைப் பாக்க வர்றாங்க. நோட்டு இல்லேன்னா எந்தக் கூடும் இல்லை, எந்தக் கையெழுத்தும் இல்லை. மிஷினை எடுத்துடுவேன். கேட்டியா? இப்பவே சொல்லிட்டேன்."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணி நிதானமாகத் துணிப்பையின் ஜிப்பைத் திறந்தாள். இரண்டு புடவை, ஒரு பல் துலக்கி. நடுவில் பச்சை அட்டை.

"கிழிச்சுடுவாருன்னு பயமா இருந்துச்சு" என்றாள், போனுக்குக் கேட்கிற மாதிரியே. "இலை முழுகுதுன்னு தெரிஞ்சா, இடம் மாத்தித்தானே வைக்கணும்?"



"அண்ணா" என்றாள் சின்னவள். "நோட்டு பத்திரமா இருக்கு. அண்ணியும் பத்திரமா இருக்காங்க. போன் பண்ணி முதல்ல எதைக் கேட்டீங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

அவர் போனை வைக்கவில்லை. சமையலறையில் குழாய் திறந்தே கிடந்தது. தண்ணீர் விழும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது.

அண்ணி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அந்த அம்மா ஒன்பதுக்குத்தானே வர்றாங்க? நாம ஆறு மணிக்கே போயிடலாம். நாலாவது முட்டையையும் அவர் இழுத்துட்டாரான்னு பாக்கணும்" என்றாள். "தம்பி, உங்களுக்கும் ஒரு டிக்கெட் நான் போடறேன்."